கைவிளக்கை விடுங்க, கணக்கு நோட்டைப் பாருங்க

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். உங்களை ஒரு ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பி, இங்கே டாக்டர்களும் நர்ஸ்களும் ஒழுங்கா வேலை செய்யறாங்களான்னு அளந்து சொல்லுங்கன்னு கேட்டா, எதை அளப்பீங்க?

ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகளைப் பார்த்தாங்க? எத்தனை படுக்கை நிரம்பியிருக்கு? எத்தனை ஆபரேஷன் நடந்தது? முதல்ல இதெல்லாம்தான் நமக்குத் தோணும். எண்ணுறது சுலபம், எக்செல்ல போடுறது அதைவிடச் சுலபம். ஆனா ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. மருத்துவமனை நிரம்பி வழியுது. டாக்டர்கள் ராப்பகலா ஓடுறாங்க. நர்ஸ்கள் சரியாத் தூங்கி வாரக்கணக்கு ஆச்சு. ஆனா உள்ளே போற நூறு பேர்ல நாற்பது பேருக்கு மேல உயிரோட வெளியே வரலை. அந்த மருத்துவமனை நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லலாமா?

இது கற்பனை இல்லை. 1855 பிப்ரவரியில் துருக்கியில் அப்படி ஒரு ராணுவ மருத்துவமனை இருந்தது. அங்கே ராப்பகலா உழைச்ச ஒருவரின் பெயர் உங்க எல்லாருக்கும் தெரியும்: ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். கைவிளக்கேந்திய காரிகை என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். பாடம் பெரும்பாலும் அந்த விளக்கோடு முடிந்துவிடும். ஆனால் போர் முடிந்த பிறகும் அவர் 50 வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார். அந்த வருடங்களில் அவர் கையில் இருந்தது விளக்கு இல்லை, எண்கள். அந்த எண்கள் முதலில் சுட்டிக் காட்டியது அவர் வேலை பார்த்த அதே மருத்துவமனையைத்தான்.

கணக்கு படிக்க ஆசைப்பட்ட பெண்

1820 மே 12 அன்று இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். ஊர்ப் பெயரையே பெண்ணுக்கு வைத்தார்கள். அக்கா பிறந்தது நேப்பிள்ஸில். அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயர் பார்த்தனோப்பி, அதனால் அக்கா பெயர் பார்த்தனோப்பி. வீட்டுக்காரங்க எவ்வளவு வசதியானவங்கன்னு இதிலேயே தெரிஞ்சிருக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் வருஷக்கணக்கில் ஐரோப்பாவைச் சுற்றிய குடும்பம் அது. இங்கிலாந்தில் இரண்டு பெரிய வீடுகள்.

அப்பா வில்லியம் நைட்டிங்கேல் மகள்களுக்குத் தானே பாடம் எடுத்தார். மொழிகள், வரலாறு, தத்துவம் எல்லாம். ஃப்ளாரன்ஸுக்கு அதோடு கணக்கும் வேண்டும் என்று ஆசை. பணக்கார வீட்டுப் பெண் கணக்கு படிப்பது அந்தக் காலத்தில் வீட்டில் சண்டை வரக்கூடிய விஷயம். அதைவிடப் பெரிய சண்டை அவர் நர்ஸ் ஆக வேண்டும் என்று சொன்னபோது வந்தது. அன்றைய இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்கு மரியாதை கிடையாது. குடிப்பவர்கள், வேறு வழியில்லாதவர்கள் செய்யும் வேலை என்றுதான் பெயர். அம்மாவும் அக்காவும் வருஷக்கணக்கில் மறுத்தார்கள்.

பதினாறு வயதில் கடவுள் தன்னைச் சேவைக்கு அழைத்ததாக நம்பியவர் அவர். நல்ல இடத்திலிருந்து வந்த கல்யாணப் பேச்சையும் மறுத்துவிட்டார். 1851இல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதம் பயிற்சி. 1853இல் லண்டனில் ஒரு சிறிய மருத்துவமனையின் கண்காணிப்பாளர் பொறுப்பு. அப்போது அவருக்கு வயது 33.

ஸ்கூட்டாரி

1854இல் ரஷ்யாவை எதிர்த்து, துருக்கியின் பக்கம் பிரிட்டனும் பிரான்ஸும் போரில் இறங்கின. சண்டை நடந்தது கிரிமியாவில். பிரிட்டிஷ் ராணுவத்தின் பெரிய மருத்துவமனையோ கருங்கடலைத் தாண்டி, இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரையில், ஸ்கூட்டாரியில் இருந்தது. அடிபட்ட சிப்பாயைக் கப்பலில் ஏற்றி சுமார் 300 மைல் கொண்டுவர வேண்டும். வழியிலேயே பல பேர் செத்தார்கள்.

ராணுவத்தின் தலைமை மருத்துவ அதிகாரி ஜான் ஹால் அந்த மருத்துவமனையைப் போய்ப் பார்த்துவிட்டு, எல்லாம் திருப்தியாக இருக்கிறது என்ற பொருளில் லண்டனுக்கு அறிக்கை அனுப்பினார். அதே சமயம் பத்திரிகை நிருபர்கள் அங்கே கட்டுத்துணிகூட இல்லை என்று எழுதினார்கள். ஒரே மருத்துவமனை, இரண்டு விதமான வர்ணனை. எதை நம்புவது? அளவு என்று ஒன்று இல்லாத இடத்தில் யார் பேச்சு எடுபடுதோ அதுதான் உண்மை ஆகிடும். இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

போர்த்துறைச் செயலர் சிட்னி ஹெர்பர்ட் நைட்டிங்கேலின் நண்பர். அவர் கேட்டுக்கொண்டபடி, 38 நர்ஸ்களோடு 1854 அக்டோபர் 21 அன்று நைட்டிங்கேல் லண்டனை விட்டுக் கிளம்பினார். நவம்பர் முதல் வாரத்தில் ஸ்கூட்டாரி வந்து சேர்ந்தார்.

அது மருத்துவமனையாகக் கட்டிய கட்டடமே இல்லை, துருக்கி ராணுவத்தின் படைவீடு. நடைபாதைகளில்கூடப் படுக்கைகள். எல்லாப் படுக்கைகளையும் வரிசையாக வைத்தால் 4 மைல் நீளம் வரும் என்பது நைட்டிங்கேல் போட்ட கணக்கு. கட்டடத்துக்கு அடியில் அடைத்துக்கொண்ட சாக்கடை. டாக்டர்கள் முதலில் நர்ஸ்களை வார்டுக்குள் விடவில்லை. அவரும் முட்டி மோதாமல், டாக்டர்கள் கூப்பிடும்வரை காத்திருக்கும்படி நர்ஸ்களிடம் சொல்லிவிட்டார். சில நாளிலேயே இங்கர்மேன் சண்டையில் அடிபட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். கூப்பிட்டார்கள்.

அதற்கப்புறம் அவர் செய்ததெல்லாம் நாம் படித்த கதைதான். துடைக்கும் பிரஷ், சட்டை, துண்டு, தட்டு, கரண்டி வாங்கினார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொதிகலன் வைத்து, சிப்பாய்களின் மனைவிகளைக் கொண்டு துணி துவைக்க ஏற்பாடு செய்தார். நோயாளிகளுக்குத் தனிச் சமையல். ராத்திரி விளக்கோடு வார்டைச் சுற்றி வருவது. இங்கிலாந்தே அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது.

ஆனால் இறப்பு குறையவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அது ஏறிக்கொண்டே போனது. ஸ்கூட்டாரியில் மட்டும் அந்த ஒரு குளிர்காலத்தில் 4,000க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 42 பேருக்கு மேல். காயத்தால் செத்தவர்கள் கொஞ்சம்தான். காலரா, வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, டைஃபஸ் இவைதான் கொன்றவை.

செத்தவர்களை எண்ணுவதிலும் ஒழுங்கு இல்லை. மூன்று தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. ஒன்றில் இருந்த எண்ணிக்கை இன்னொன்றில் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலே புதைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். நோய்க்கு ஒரு டாக்டர் ஒரு பெயர் எழுதினால் அடுத்தவர் வேறு பெயர் எழுதினார். எண்ணிக்கையே தெரியாத இடத்தில், யார் வேலை பலன் கொடுத்தது, யார் வேலை கொடுக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

சாக்கடையைத் தோண்டியவர்கள்

1855 மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. டாக்டர் ஜான் சதர்லேண்ட், அவரோடு ராபர்ட் ராலின்சன். இந்த ராலின்சன் யார் தெரியுமா? சிவில் இன்ஜினியர். சிவில் டிபார்ட்மென்ட் மக்கள் இங்கே காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

அவர்கள் மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. சாக்கடையைத் தோண்டிச் சுத்தம் செய்து, தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். வண்டி வண்டியாகக் குப்பையை அள்ளினார்கள். தண்ணீர் வரும் வழியில் கிடந்த செத்த குதிரையை எடுத்துப் போட்டார்கள். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று வர ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். ஜூன் மாதம் இறப்பு விகிதம் 100க்கு 2ஐ ஒட்டி வந்துவிட்டது.

டாக்டர்கள் அதே டாக்டர்கள். நர்ஸ்கள் அதே நர்ஸ்கள். அவர்கள் உழைப்பு பிப்ரவரியில் குறைவாகவும் ஜூனில் அதிகமாகவும் இருந்ததா? இல்லை. ஒரு டாக்டருக்கு எத்தனை நோயாளி, ஒரு நர்ஸ் எத்தனை மணி நேரம் என்று மட்டும் யாராவது அளந்திருந்தால், ஸ்கூட்டாரியின் மிக மோசமான மாதம்தான் மிகச் சுறுசுறுப்பான மாதமாகப் பதிவாகியிருக்கும்.

திரும்பி வந்து பார்த்த கணக்கு

1856 ஆகஸ்டில் நைட்டிங்கேல் ஊர் திரும்பினார். வரவேற்பு ஊர்வலம் எதுவும் வேண்டாம் என்று, யாருக்கும் தெரியாமல் வீடு வந்து சேர்ந்தார். அடுத்த மாதமே விக்டோரியா மகாராணியைச் சந்தித்து, ராணுவத்தின் சுகாதாரத்தை விசாரிக்க ஓர் ஆணையம் வேண்டும் என்று கேட்டார். 1857 மே மாதம் ஆணையம் அமைந்தது. சிட்னி ஹெர்பர்ட் தலைவர். பெண் என்பதால் நைட்டிங்கேல் அதில் உறுப்பினர் இல்லை. ஆனால் ஆணையம் கேட்க வேண்டிய கேள்விகளில் இருந்து முன்வைத்த அட்டவணைகள் வரை பின்னணியில் அவர் உழைப்புதான்.

இந்த வேலையில் அவருக்குக் கிடைத்த கூட்டாளி வில்லியம் ஃபார். டாக்டர், அதைவிட முக்கியமாகப் புள்ளியியல் வல்லுநர். இங்கிலாந்து முழுக்க யார் எந்த நோயில் இறந்தார்கள் என்ற கணக்கு இவர் கையில்தான் இருந்தது. இரண்டு பேரும் கிரிமியப் போரின் பதிவுகளை உட்கார்ந்து அலசினார்கள்.

இதுவரை நைட்டிங்கேல் நம்பியது வேறு: சிப்பாய்கள் பட்டினியிலும் குளிரிலும் பாதி செத்த நிலையில் ஸ்கூட்டாரிக்கு வந்தார்கள், அதனால்தான் காப்பாற்ற முடியவில்லை. கேட்கும்போது நியாயமாத்தான் இருக்கு. ஆனால் போர்முனைக்குப் பக்கத்திலேயே, கூடாரத்திலும் குடிசையிலும் இருந்த சிறிய மருத்துவமனைகளின் கணக்கை அருகில் வைத்துப் பார்த்தால், அங்கே இறப்பு குறைவு. பொருள் குறைவு, வசதி குறைவு, இறப்பும் குறைவு. நாட்டிலேயே புகழ்பெற்ற நர்ஸ் இருந்த பெரிய மருத்துவமனையில்தான் அதிகம்.

ஹியூ ஸ்மால் என்ற வரலாற்று ஆய்வாளர் இந்த இடத்தில் ஒரு வாதம் வைக்கிறார். தன் மருத்துவமனையின் சாக்கடைதான் கொன்றது என்பது நைட்டிங்கேலுக்கு 1857இல்தான் புரிந்தது, அந்த அதிர்ச்சியே அவரைப் படுக்கையில் தள்ளியது என்கிறார். எல்லா ஆய்வாளர்களும் இதை முழுசா ஏற்றுக்கொள்வதில்லை. கிரிமியாவில் அவருக்கு வந்த காய்ச்சலின் மிச்சம்தான் அந்த நோய் என்று சொல்பவர்கள் உண்டு. மனதில் என்ன ஓடியது என்பதை விடுவோம். கையால் என்ன செய்தார் என்பது தெளிவாக இருக்கிறது. ஸ்கூட்டாரியின் எண்களை மறைக்கவில்லை. தன் புகழின் அடித்தளமே ஸ்கூட்டாரிதான் என்று தெரிந்தும், அதைத்தான் மோசமான உதாரணமாக முன்னால் வைத்தார். 1858இல் 800 பக்கத்துக்கு மேல் ஓர் அறிக்கையைத் தன் சொந்தச் செலவில் அச்சடித்து, முக்கியமானவர்கள் கைக்குப் போய்ச் சேரும்படி செய்தார்.

ஒரு மாதத்தின் கணக்கு

அந்தக் கணக்கில் ஒரே ஒரு மாதத்தை எடுத்து நாமும் போட்டுப் பார்க்கலாம். கால்குலேட்டர் போதும்.

1855 ஜனவரி. அங்கே இருந்த ராணுவத்தின் சராசரி எண்ணிக்கை 32,393. தடுத்திருக்கக்கூடிய தொற்று நோய்களில் இறந்தவர்கள் 2,761. காயத்தால் இறந்தவர்கள் 83. மற்ற காரணங்களால் 324.

2,761ஐ 32,393ஆல் வகுத்து, 12ஆல் பெருக்கினால் வருடாந்திர விகிதம் கிடைக்கும். 1,000க்கு 1,022.8. நான் முதல் தடவை பார்த்தப்போ அச்சுப் பிழைன்னுதான் நினைச்சேன். ஆயிரம் பேர்ல எப்படி ஆயிரத்துக்கு மேல சாக முடியும்? அர்த்தம் இதுதான்: ஜனவரியின் வேகம் அப்படியே ஒரு வருஷம் நீடித்திருந்தால், எதிரி ஒரு குண்டுகூடச் சுடாமல், நோய் மட்டுமே முழு ராணுவத்தையும் தின்று முடித்திருக்கும். புது ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்ததால்தான் ராணுவம் என்று ஒன்று அங்கே நின்றது. காயத்தில் ஒருவர் செத்தால் நோயில் 33 பேர்.

சரியாக ஒரு வருடம் கழித்து, 1856 ஜனவரி. ராணுவம் 44,212 பேர். நோயில் இறந்தவர்கள் 42. விகிதம் 1,000க்கு 11.4.

முழுப் பெருமையையும் சாக்கடை சுத்தம் செய்ததற்கே கொடுத்துவிட முடியாது. செவஸ்டபோல் விழுந்தபின் சண்டை ஓய்ந்தது, சாப்பாடும் துணியும் ஒழுங்காகப் போனது. ஆனால் இவ்வளவு பெரிய இறப்பு தவிர்க்க முடியாத விதி இல்லை என்று நிரூபிக்க அந்த இரண்டு எண்களே போதும்.

அமைச்சர்களும் மகாராணியும் அட்டவணையைப் படிக்க மாட்டார்கள் என்று நைட்டிங்கேலுக்குத் தெரியும். அதனால் வரைந்தார். வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் ஆப்பு. நீலம் தடுக்கக்கூடிய நோய், சிவப்பு காயம், கறுப்பு மற்றவை. படத்தைப் பார்த்த உடனே நீலம் கண்ணில் அடிக்கும். சிவப்பைத் தேட வேண்டும். இன்றைக்கு டேட்டா விஷுவலைசேஷன் வகுப்பில் இந்தப் படம் வராமல் இருக்காது.

வகுப்பில் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. முதலில் அவர் வரைந்த வடிவத்தில், மைய‌த்திலிருந்து இருக்கும் தூரம் எண்ணைக் குறித்தது. அதில் என்ன பிரச்சினை? எண் இரண்டு மடங்கானால் ஆரமும் இரண்டு மடங்காகும், பரப்பு நாலு மடங்காகிவிடும். பார்க்கிறவர் கண் பரப்பைத்தான் பார்க்கும். அதாவது படம் உண்மையைவிடப் பெரிதாகக் கத்தும். அது அவர் வாதத்துக்கு லாபம்தான். இருந்தும் மாற்றினார். பிறகு வந்த படங்களில் பரப்புதான் எண்ணைக் குறித்தது.

போர் இல்லாத காலத்திலும் அவர் அளப்பதை விடவில்லை. இங்கிலாந்திலேயே, சொந்த ஊர்ப் படைவீட்டில் இருந்த இளம் சிப்பாய்கள் வருடத்துக்கு 1,000க்கு 17 முதல் 20 பேர் வரை செத்துக்கொண்டிருந்தார்கள். சாதாரண மக்களில் 11தான். பொறுக்கி எடுத்த திடமான ஆட்கள், வேளைக்குச் சோறு, அருகிலேயே டாக்டர், இருந்தும் சாவு அதிகம். இந்த ஒப்பீட்டை அரசால் தாண்டிப் போக முடியவில்லை. படைவீடுகளில் காற்றோட்டம், வடிகால், தண்ணீர் எல்லாம் மாற ஆரம்பித்தன. ராணுவத்துக்கென்று தனிப் புள்ளிவிவரப் பிரிவும், 1860இல் ராணுவ மருத்துவக் கல்லூரியும் வந்தன.

எல்லா மருத்துவமனைக்கும் ஒரே படிவம்

அடுத்ததாக அவர் யோசித்தது நாம் ஆரம்பத்தில் கேட்ட கேள்வியைத்தான். ஒரு மருத்துவமனையின் வேலையை எப்படி அளப்பது?

1860இல் லண்டனில் சர்வதேசப் புள்ளியியல் மாநாடு நடந்தது. எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரிப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்ற அவர் யோசனை அங்கே வைக்கப்பட்டது. வருட ஆரம்பத்தில் உள்ளே இருந்தவர்கள், வருடத்தில் சேர்ந்தவர்கள், குணமாகிப் போனவர்கள், குணமாகாமல் போனவர்கள், இறந்தவர்கள், வருடக் கடைசியில் மீதி இருப்பவர்கள், ஒரு நோயாளி சராசரியாகத் தங்கிய நாட்கள். இதை நோய்வாரியாக, வயதுவாரியாக, ஆண் பெண் வாரியாகப் பிரிக்க வேண்டும்.

இதில் குணமாகாமல் போனவர்கள் என்ற கட்டத்தைக் கவனிங்க. அது சும்மா வந்ததில்லை. இறப்பை மட்டும் அளந்தால் ஒரு மருத்துவமனை என்ன செய்யும்? சாகப் போகிறவரை முந்தின நாளே டிஸ்சார்ஜ் செய்துவிடும். எண் அழகாகிவிடும். அதேபோல ரொம்ப மோசமான நோயாளிகளை ஏற்கும் மருத்துவமனைக்கு எண் அசிங்கமாக இருக்கும், அவர்கள் திறமைசாலிகளாகவே இருந்தாலும். இது இரண்டையும் 1863இலேயே மருத்துவமனைகள் பற்றிய தன் புத்தகத்தில் அவர் எழுதிவிட்டார்.

அதே புத்தகத்தில் சறுக்கியும் இருக்கிறார். 106 மருத்துவமனைகளை ஒப்பிடும் ஓர் அட்டவணையை, ஃபாரின் கணக்கை வைத்து, சேர்த்தார். லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் கிட்டத்தட்ட 91 சதவீதம் என்றது அது. ராணுவ, கடற்படை மருத்துவமனைகளுக்கு சுமார் 16. லண்டன் டாக்டர்கள் கொதித்துப் போனார்கள். அவர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. அந்த அட்டவணை ஒரு வருடம் முழுக்க இறந்தவர்களை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த ஒரே ஒரு நாளில் உள்ளே இருந்தவர்களால் வகுத்திருந்தது. ஒரு படுக்கையில் வருடத்துக்குப் பத்துப் பேர் மாறி மாறிப் படுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்துப் பேரில் இறந்தவர் கிட்டத்தட்ட ஒருவர்தான். அதாவது சேர்ந்தவர்களில் 9 சதவீதம். டினாமினேட்டரை மாற்றினதும் 9 சதவீதம் 91 ஆகிவிட்டது. அதோடு நகரத்து மருத்துவமனைக்கு வருபவர் யார், அமைதிக்கால ராணுவ மருத்துவமனையில் படுத்திருக்கும் இளைஞன் யார் என்ற வித்தியாசமும் அதில் இல்லை.

ஸ்கூட்டாரியின் குழப்பமான பதிவேடுகளைத் திட்டியவரே தப்பான டினாமினேட்டரில் மாட்டியது கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு. ஆனால் அந்தச் சண்டையில் ஒரு நன்மை உண்டு. மருத்துவமனையை எண்ணால் அளக்கலாமா என்ற கேள்வி பின்னால் போய், எந்த எண்ணால் அளப்பது என்ற கேள்வி முன்னால் வந்தது. படிவம் என்னவோ நிலைக்கவில்லை. நிரப்ப நேரமும் செலவும் அதிகம் என்று மருத்துவமனைகள் கைவிட்டன. இது நமக்குப் பழக்கப்பட்ட முடிவுதானே!

நம்ம ஊர்ப் பக்கமும் வந்த கணக்கு

நைட்டிங்கேல் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் 1859இல் இந்தியாவில் இருந்த ராணுவத்தின் சுகாதாரத்தை விசாரிக்க இன்னொரு ஆணையம் அமைந்தபோது, இங்கிருந்த ராணுவ நிலையங்களுக்கெல்லாம் கேள்விப் படிவம் அனுப்ப வைத்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வடிகால் இருக்கிறதா, ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம், எத்தனை பேர் எந்த நோயில் இறந்தார்கள் என்று வரிசையாகக் கேள்விகள். பதில்கள் கட்டுக் கட்டாக அவர் வீட்டுக்கு வந்து இறங்கின. பெரும்பாலும் படுக்கையில் இருந்தபடியே அத்தனையையும் படித்தார்.

இந்தியாவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் வருடத்துக்கு 1,000க்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். வெயில், தட்பவெப்பம், விதி என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவர் ஏற்கவில்லை. சாக்கடையும் குடிநீரும்தான் காரணம் என்றார். 1864இல் கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று இடங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. பத்து வருடத்தில் 69 என்பது 18 ஆனது.

இங்கேயும் யாரை எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும். அந்த 69 பிரிட்டிஷ் சிப்பாயின் எண். படைவீட்டுச் சுவருக்கு வெளியே இருந்த நம்ம தாத்தா பாட்டிகளின் எண் இல்லை. சுற்றி இருக்கும் ஊர் நோயில் கிடக்கும்போது படைவீடு மட்டும் ஆரோக்கியமாக இருக்க முடியாது என்று நைட்டிங்கேலுக்குப் போகப்போகப் புரிந்தது. பிறகு பல வருடங்கள் இந்தியக் கிராமங்களின் சுகாதாரம், பாசனம், பஞ்சம் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

1860இல் அவர் பெயரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அன்றைய லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரும் அவர்தான். 1907இல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது, அதைப் பெற்ற முதல் பெண். 1910 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் 90ஆவது வயதில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய முன்வந்ததை, அவர் விருப்பப்படி குடும்பம் மறுத்துவிட்டது. சொந்த ஊர்ச் சர்ச்சில் இருக்கும் கல்லறையில் முழுப் பெயர்கூட இல்லை. இரண்டு எழுத்து, பிறந்த தேதி, இறந்த தேதி.

இப்போ நம்ம பக்கம்

இன்றைக்கு அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மதிப்புப் புள்ளி உண்டு. சாதாரணமாக நோயாளியைப் பார்த்தால் குறைவு, சிக்கலான ஆபரேஷன் என்றால் அதிகம். மொத்தப் புள்ளியை முழுநேர மருத்துவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு மருத்துவரின் உற்பத்தித் திறன். பயனுள்ள எண்தான், இல்லைன்னு சொல்லலை. யாருக்கு வேலை அதிகம், எங்கே ஆள் வேண்டும் என்று அது சொல்லும். ஆனால் அது உழைப்பை அளக்கும் எண். நோயாளி எழுந்து நடந்தாரா என்பதற்கு அதில் கட்டம் இல்லை. அந்த எண்ணை மட்டும் வைத்திருந்தால் 1855 பிப்ரவரி ஸ்கூட்டாரிக்குப் பரிசு கொடுத்திருப்போம்.

இதை நான் எழுதக் காரணம் ஒன்று இருக்கு. எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நோய் இருக்கா இல்லையான்னு சொல்ற மாடல். முதல் ரிவ்யூவில் 93 சதவீதம் அக்யூரஸி காட்டி நல்ல பேர் வாங்கினோம். ராத்திரி ரூமுக்கு வந்து பார்த்தால், டெஸ்ட் படங்களில் 93 சதவீதம் நோய் இல்லாதவை. மாடல் எல்லாருக்கும் நோய் இல்லைன்னு சொல்லிட்டிருந்தது. ஒரு நோயாளியைக்கூட அது கண்டுபிடிக்கவில்லை. டீமில் மூணு பேர். அடுத்த ரிவ்யூவில் இதைச் சொல்லணுமா வேண்டாமான்னு ரெண்டு நாள் பேசினோம். மார்க் போகும், யாரும் கேட்கப்போவதில்லை, எதுக்கு நாமே போய் மாட்டிக்கணும் என்ற பேச்சும் வந்தது.

சொன்னோம். மார்க் குறைஞ்சது. இப்போ மாடல் எத்தனை நோயாளியைத் தவறவிடுதுன்னு முதல் ஸ்லைடிலேயே போடுறோம்.

கணக்கு போடுவது நமக்குப் புதுசு இல்லை, நாலு வருஷமா அதைத்தான் செய்யறோம். அடுத்தவங்க வேலையை அளக்கவும் நல்லாவே வரும். நாட்டையே கவர்ந்த ஒரு நர்ஸ், தான் உயிரைக் கொடுத்து உழைத்த மருத்துவமனைதான் மோசமானது என்று தானே அச்சடித்துக் கொடுத்தார். உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் ரிசல்ட்ஸ் பக்கத்தை இன்னைக்கு ஒரு தடவை திறந்து, அந்த எண் எதால் வகுத்து வந்ததுன்னு பாருங்க.